ஒரே வினாத்தாளா, அடாப்டிவ் தேர்வா, இரண்டுக்கும் நடுவிலா? கணிதம், அறிவியல் பாடங்களுக்கு எது நியாயமான தேர்வு

கணினியில்தான் தேர்வு என்று முடிவாகிவிட்டது, எந்த மாதிரித் தேர்வு என்பது மட்டும்தான் பாக்கி என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடங்கள் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள் என்பது ஒன்று. ஒவ்வொரு பதிலையும் பார்த்து அடுத்த கேள்வியை அப்போதே தேர்ந்தெடுக்கும் முழு அடாப்டிவ் தேர்வு இன்னொன்று. அப்புறம் இரண்டுக்கும் நடுவில், ஒரு பகுதியை முழுசாக எழுதி முடித்த பிறகு அடுத்த பகுதி கடினமாக இருக்க வேண்டுமா எளிதாக இருக்க வேண்டுமா என்று மட்டும் முடிவு செய்யும் பல கட்டத் தேர்வு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவரின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்கும் தேர்வு என்றால் பல கட்டத் தேர்வு. எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து அதற்கேற்பப் பாடம் நடத்துவதற்கு என்றால் முழு அடாப்டிவ். ஒரு வகுப்பு அல்லது ஒரு துறை அளவில் நடக்கும் பருவத் தேர்வு என்றால் ஒரே வினாத்தாளை விட்டு நகரவே வேண்டாம். இந்த விஷயத்தில் மென்பொருள் விற்க வருபவர்கள் துல்லியத்தை மட்டும் பேசுகிறார்கள், எதிர்ப்பவர்கள் "ஆளுக்கொரு கேள்வி எப்படி நியாயமாகும்" என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே பாதிதான்.

எல்லோருக்கும் ஒரே கேள்வி கொடுத்தால் அதுவே நியாயம் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு நேரான விஷயமாக இல்லை. டென்மார்க்கின் கணிதவியலாளர் ரேஷ் 1960இல் முன்வைத்த எளிய மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் ஒரு கேள்வியைச் சரியாக எழுதும் வாய்ப்பையும் தவறவிடும் வாய்ப்பையும் பெருக்கினால் என்ன வருகிறதோ, அதுதான் அந்தக் கேள்வி அவரைப் பற்றி நமக்குத் தரும் தகவலின் அளவு. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள கேள்வி என்றால் 0.5 × 0.5, அதாவது 0.25. 90 சதவீதம் சரியாகவே எழுதிவிடுவார் என்கிற கேள்வி என்றால் 0.9 × 0.1, வெறும் 0.09. பாதிக்குப் பாதி கேள்விகளாக 25 கேட்டால் மொத்தத் தகவல் 6.25. ஒன்றை அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது பிழை அளவு, இங்கே 0.4. இதே பிழை அளவை 90 சதவீதக் கேள்விகளை வைத்து எட்ட வேண்டுமென்றால் 70 கேள்வி கேட்க வேண்டும். மிகவும் பின்தங்கிய மாணவரிடம் 10 சதவீத வாய்ப்பு மட்டுமே உள்ள கேள்விகளைக் கேட்டாலும் இதே கதிதான், ஏனென்றால் பெருக்கல் அதே பெருக்கல்.

இதை வினாத்தாள் மேல் பொருத்திப் பாருங்கள். நடுத்தர மாணவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட 30 கேள்வித் தாள், நடுவில் இருப்பவர்களை நன்றாக அளக்கும். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் அதே தாள் மங்கலான அளவுகோலாகிவிடும். ஆனால் நாம் எடுக்கிற முடிவுகள் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தானே இருக்கின்றன? உதவித்தொகை யாருக்கு, மேல்நிலைப் பிரிவில் யாருக்கு இடம், யாருக்குக் கூடுதல் வகுப்பு வேண்டும் என்பதையெல்லாம் தாள் மோசமாக அளக்கும் இடத்தில் வைத்து முடிவு செய்கிறோம். முன்னணியில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் 29, இன்னொருவர் 28 என்றால், அந்த ஒரு மதிப்பெண் பெரும்பாலும் கைத்தவறு, திறமை வித்தியாசம் என்று சொல்லவே முடியாது. அடாப்டிவ் தேர்வின் பலம் இங்கேதான் இருக்கிறது. எந்த இடத்தில் நிற்கும் மாணவரையும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிழையோடு அளக்க முயல்கிறது. பின்தங்கிய மாணவருக்கு அது காட்டும் மரியாதை என்றே இதை நான் நினைக்கிறேன்; இரண்டு மணி நேரம் தனக்குப் புரியாத கேள்விகளையே பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட, தனக்குத் தெரிந்தது எது என்று காட்ட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

கொள்கை அளவில் இதெல்லாம் அமெரிக்காவில் தேர்வுகள் நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தில் ஃபிரடெரிக் லார்ட் போன்றவர்கள் எழுபதுகளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், கணினி மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1993இல் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ., 1994இல் அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வு, 1997இல் மேலாண்மைப் படிப்புச் சேர்க்கைக்கான ஜிமேட் என்று வரிசையாக அடாப்டிவ் முறைக்கு வந்தன.

சரி, இவ்வளவு நல்லது என்றால் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடலாமே? மாற்றக் கூடாது. முக்கியமான காரணம், அடாப்டிவ் தேர்வில் ஒரே ஒரு கேள்வி தப்பாக இருந்தால் அது செய்யும் சேதம் வேறு மாதிரியானது.

ஒரு சாதாரண இயற்பியல் கேள்வி. 2 கிலோ எடையுள்ள கட்டை சொரசொரப்பான சமதளத்தில் இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.5. கிடைமட்டமாக 6 நியூட்டன் விசை கொடுக்கிறோம். உராய்வு விசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் நிலை உராய்வின் உச்சம் 10 நியூட்டன். கொடுத்த விசை அதைவிடக் குறைவு, கட்டை நகரவே இல்லை, ஆகவே உராய்வும் 6 நியூட்டன்தான். கேள்வி எழுதியவர் அவசரத்தில் விடைப் பட்டியலில் 10 என்று போட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்காதது ஒன்றுமில்லை, குணகத்தைப் பார்த்ததும் பெருக்கிவிடும் பழக்கம் மாணவர்களுக்கு மட்டும் உள்ளது இல்லை.

ஒரே வினாத்தாளில் இது நடந்தால் அன்று மாலையே வெடித்துவிடும். தேர்வறையை விட்டு வெளியே வந்த நூறு பேர் அந்தக் கேள்வியைப் பற்றியே பேசுவார்கள், யாராவது ஆசிரியரிடம் கேட்பார்கள், குழு உட்கார்ந்து அந்தக் கேள்வியை நீக்கும் அல்லது எல்லோருக்கும் மதிப்பெண் கொடுக்கும். அடாப்டிவ் தேர்வில் அந்தக் கேள்வி சிலருக்கு மட்டும்தான் வந்திருக்கும். வெளியே வந்து பேசினாலும் ஒப்பிட ஆள் கிடைக்காது. பல இடங்களில் கேள்வியை வெளியே சொல்லவே கூடாது என்று கையெழுத்து வேறு வாங்கிவிடுவார்கள். அதைவிட மோசம், உராய்வை நன்றாகப் புரிந்துகொண்ட மாணவர் 6 என்று எழுதியதற்காக எளிய கேள்விகளுக்கு அனுப்பப்படுவார். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் 10 என்று எழுதிக் கடினமான கேள்விகளுக்குப் போவார். பிறகு தவறு தெரிந்து அந்தக் கேள்வியை நீக்கி மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிடலாம், ஆனால் அந்த மாணவருக்கு அதன்பிறகு வந்த சில கேள்விகள் அவருக்குப் பொருந்தாதவை. அவற்றிலிருந்து கிடைத்த தகவல் குறைவு என்பதை எந்தக் கணக்கும் திருப்பித் தராது. மேலே போட்ட அதே பெருக்கல்தான் இதற்கும் சாட்சி.

இதற்கு மருந்து உண்டு. முன்னோட்டம். கேள்வியை மதிப்பெண்ணில் சேர்க்காமல் சில நூறு மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தால், நன்றாகப் படிப்பவர்களே தவறாக எழுதுகிறார்கள் என்பது எண்களில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதனால்தான் முன்னோட்டம் இல்லாத கேள்வி வங்கியின் மேல் கட்டிய அடாப்டிவ் தேர்வை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கமாட்டேன். "இந்தக் கேள்வி கடினம்" என்று ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒட்டிய அடையாளச் சீட்டை நம்பி ஓடும் அமைப்புகளும் அடாப்டிவ் என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன. ஆசிரியர் கடினம் என்று நினைப்பதும் மாணவருக்குக் கடினமாக இருப்பதும் பல நேரம் வேறு வேறு என்பது கணிதம் கற்பித்த யாருக்கும் தெரியும்.

கேள்வி தப்பில்லாமல் இருந்தாலும் ஒருதலைப்பட்சமாக இருக்கலாம். இயற்பியல் கல்வியில் எல்லோரும் அறிந்த விசைக் கருத்துத் தேர்வு 1992இல் ஹெஸ்டெனெஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் வெளியிட்டது, 1995இல் திருத்திய வடிவம் 30 கேள்விகள் கொண்டது. ஹாக்கி வட்டு, பீரங்கிக் குண்டு, விமானத்திலிருந்து விழும் பவுலிங் பந்து என்று அதன் சூழல்கள் போகும். நியூட்டனின் விதிகளை ஒரே அளவு புரிந்துகொண்ட ஆண் மாணவரும் பெண் மாணவரும் அதில் சில கேள்விகளுக்கு வேறு வேறு விதமாகப் பதிலளிக்கிறார்கள், அந்த வேறுபாடு பெரும்பாலும் பெண்களுக்குப் பாதகமாகவே இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இதே தேர்வை அடாப்டிவ் ஆக்கிப் பார்த்தவர்களும் உண்டு. ஏறக்குறைய பாதிக் கேள்விகளிலேயே, கொஞ்சம் துல்லியத்தை விட்டுக்கொடுத்து, முடித்துவிடலாம் என்று கண்டார்கள். வகுப்பு நேரம் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், 30 கேள்வியில் ஒன்று ஒருதலைப்பட்சமாக இருந்தால் அதன் எடை முப்பதில் ஒரு பங்கு, எல்லோருக்கும் அதே பங்கு. 15 கேள்வி அடாப்டிவ் தேர்வில் அதன் எடை இரண்டு மடங்கு, அதுவும் சிலர் தலையில் மட்டும். தேர்வு சுருங்கச் சுருங்க ஒவ்வொரு கேள்வியும் சுத்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் கூடுகிறது. கேள்வி ஒருதலைப்பட்சமா என்று பார்க்கும் சோதனையும் அடாப்டிவ் தேர்வில் கடினமாகிறது, ஏனென்றால் ஒரு கேள்வியை எழுதியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே திறன் அளவில் இருப்பார்கள், ஒரு பிரிவிலிருந்து ஒப்பிடப் போதுமான ஆட்களே தேறமாட்டார்கள். மொழிபெயர்த்து நடத்தும் தேர்வென்றால் ஒவ்வொரு மொழிக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். ஒரு மொழியில் கண்ட கடின அளவை இன்னொரு மொழிக்கு அப்படியே எடுத்துப் போட்டுவிட முடியாது.

அடுத்தது, இந்தப் பாடங்களுக்கே உரிய சிக்கல். அடாப்டிவ் முறையின் வழக்கமான வடிவம் திறமையை ஒரே கோட்டில் வைக்கிறது, இடப்பக்கம் குறைவு, வலப்பக்கம் அதிகம். இயற்பியல் கேள்வி ஒன்று "கடினம்" என்றால் எதனால் கடினம்? கருத்து நுட்பமானதாலா, இயற்கணிதம் நீளமாக இருப்பதாலா, நாலு வரிக் கதையாக எழுதியிருப்பதாலா, வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதாலா? எண்களில் நான்கும் ஒன்றாகத்தான் தெரியும். கருத்தில் கெட்டியாக இருந்து கணக்கில் கைத்தவறு செய்யும் மாணவர் முதல் சில கேள்விகளில் குறிகளை மாற்றிப் போட்டுவிட்டால், தேர்வு அவரைக் கீழே இறக்கும். கீழே இருக்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே படியில் முடிபவை, சூத்திரத்தில் எண்ணைப் போட்டு எடுப்பவை. அவர் சிந்திக்கத் தெரிந்தவர் என்று காட்டும் கேள்வி அவர் கண்ணிலேயே படாமல் போகலாம். நீளமான தேர்வில் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்துவிடுவார், பெரிய பாதிப்பு இருக்காது. 12, 15 கேள்வியோடு முடியும் தேர்வில் ஏறி வர நேரமில்லை. தலைப்புவாரியாக இத்தனை கேள்வி கட்டாயம் வர வேண்டும் என்று கட்டுப்பாடு வைப்பது கொஞ்சம் உதவும். நல்ல அமைப்புகள் எல்லாவற்றிலும் அது உண்டு. இயக்கவியலில் வலுவாகவும் மின்னியலில் பலவீனமாகவும் இருப்பவருக்குத் தலைப்புவாரிக் கட்டுப்பாடு கைகொடுக்கும். சிந்தனைக்கும் கணக்கீட்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை அது கண்டுபிடிக்காது.

திரும்பிப் போய்த் திருத்த முடியாது என்பதை மாணவர்கள்தான் அதிகம் வெறுக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். கணக்குப் போடுபவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாவது கேள்வியைப் போடும்போது மூன்றாவதில் அலகை மாற்றவில்லை என்று நினைவுக்கு வரும். விடையைச் சரிபார்க்கும் பழக்கத்தைத்தானே வருடம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்? அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தேர்வில் அதைத் தடை செய்வது பாடத்துக்கே முரண். விடையை மாற்றும் மாணவர்கள் தவறிலிருந்து சரிக்குப் போவதுதான் அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த ஆய்வு முடிவு. ஜி.ஆர்.இ. தன் பழைய கேள்விக்குக் கேள்வி மாறும் முறையை விட்டுவிட்டு 2011இல் பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்கு வந்தபோது, ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்த் திருத்தும் வசதியும் சேர்ந்து வந்தது. ஜிமேட்டும் 2023இல் வந்த புதிய வடிவத்தில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. அவ்வளவு பெரிய தேர்வுகளே இறங்கி வந்திருக்கின்றன என்றால், "அடாப்டிவ் என்றால் திரும்பிப் போக முடியாது" என்று சொல்பவரிடம் ஏன் முடியாது என்று அழுத்திக் கேட்கலாம்.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடினமான கணக்கு எடுக்கும் நேரமும் அதிகம். இருவருக்கும் ஒரே 60 நிமிடம் கொடுத்து, ஒருவருக்கு மூன்று படிக் கணக்குகளும் மற்றவருக்கு ஒரு படிக் கணக்குகளும் வந்தால், நன்றாகச் செய்தவர்தான் கடிகாரத்தோடு ஓட வேண்டியிருக்கிறது. கேள்வி தேர்ந்தெடுக்கும்போது கடினத்தோடு சராசரி நேரத்தையும் கணக்கில் எடுக்கும் வழிமுறைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துகிறார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று மனசு சம்பந்தப்பட்டது. முழு அடாப்டிவ் தேர்வு சரியாக வேலை செய்தால் எல்லோருமே ஏறக்குறைய பாதிக் கேள்விகளைத் தவறவிடுவார்கள். எப்போதும் தொண்ணூறு வாங்கிப் பழகிய மாணவி வெளியே வரும்போது எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டு வருவாள், அவளுக்கு நடந்தது என்ன என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் இதைத் தணிப்பதற்கு ஆகும் விலை ரொம்பக் குறைவு. பாதிக்குப் பாதிக்குப் பதில் 70 சதவீத வாய்ப்புள்ள கேள்விகளாகக் கொடுத்தால் தகவல் 0.7 × 0.3, அதாவது 0.21. 0.25இலிருந்து 0.21. 25 கேள்வித் தேர்வை 30 ஆக்கினால் ஈடாகிவிடும். ஐந்து கேள்வி கூடுதலாகக் கேட்பதற்குப் பதிலாக மாணவர் நம்பிக்கையோடு எழுதுவார் என்றால், எனக்கு அது யோசிக்கவே தேவையில்லாத பேரம். பள்ளி மாணவர்களுக்கான எந்த அடாப்டிவ் தேர்விலும் இந்த அளவை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும்.

பல கட்டத் தேர்வு இந்தப் பிரச்சினைகளில் பலவற்றுக்குப் பதில் சொல்கிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான இப்போதைய டிஜிட்டல் எஸ்.ஏ.டி. இதற்கு நல்ல உதாரணம். கணிதத்தில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் 22 கேள்வி, 35 நிமிடம். முதல் பகுதி எல்லா நிலையிலும் கேள்விகள் கலந்தது, அதை எப்படி எழுதினீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவது பகுதி எளிதாகவோ கடினமாகவோ வரும். ஒரு பகுதிக்குள் எங்கே வேண்டுமானாலும் போய்த் திருத்தலாம். ஒரு கைத்தவறு உங்களைப் பெரும்பாலும் எங்கேயும் தள்ளிவிடாது, முதல் பகுதியின் மொத்தம்தான் திசையைத் தீர்மானிக்கும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: பகுதிகள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டவை என்பதால், தேர்வுக்கு முன்பு பாட வல்லுநர்கள் ஒவ்வொரு பகுதியையும் முழுசாக வாசித்துப் பார்க்க முடியும். ஒரு கேள்வியின் படம் இன்னொரு கேள்விக்கு விடை சொல்லிக்கொடுக்கிறதா, மூன்று கேள்வி அடுத்தடுத்து ஒரே சூத்திரத்தைக் கேட்கிறதா, விடைப் பட்டியல் சரியா என்பதெல்லாம் மனிதக் கண்ணில் படும். முழு அடாப்டிவ் தேர்வில் மாணவர் பார்க்கப்போகும் தாளை அவருக்கு முன்னால் யாருமே பார்த்ததில்லை. ஒரே வரைபடத்தையோ சோதனை அட்டவணையையோ வைத்து நாலைந்து கேள்வி கேட்பது அறிவியலில் சகஜம், அந்தக் கொத்தை உடைக்காமல் வைத்துக்கொள்வதும் இங்கே எளிது. பல நாட்டு 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா ஆய்வும் 2018இல் வாசிப்புக்கும் 2022இல் கணிதத்துக்கும் பல கட்ட முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

குறை இல்லாமல் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் மாணவர் ஒரு கேள்வியால் எளிய பகுதிக்குப் போய்விடலாம், அங்கே எல்லாவற்றையும் சரியாக எழுதினாலும் கடினப் பகுதியில் எட்டக்கூடிய உயரத்தை எட்ட முடியாது. இரண்டே கட்டம் என்றால் இந்தப் பாதிப்பு அதிகம், மூன்று கட்டம், கட்டத்துக்கு மூன்று நிலை என்று வைத்தால் வழி தவறியவர் அடுத்த திருப்பத்தில் திரும்பி வர முடியும். ஓரங்களில் துல்லியமும் முழு அடாப்டிவ் அளவுக்கு வராது, ஆனால் ஒரே வினாத்தாளைவிட நிச்சயம் மேல். துல்லியத்தில் கொஞ்சம் கொடுத்து, சரிபார்க்கும் உரிமையையும் திருத்தும் உரிமையையும் வாங்குகிறோம். மேல்படிப்புக்கு இடம் கொடுக்கும் தேர்வில் இந்தக் கொடுக்கல் வாங்கல் எனக்கு முழுச் சம்மதம்.

இனி ஏன் சிறிய துறைகள் இதில் கை வைக்கக் கூடாது என்கிறேன் என்பதற்கு வருகிறேன். கணக்கு எளிது. கேள்விகளின் கடினத்தை நம்பும்படி கணிக்க, எளிய ரேஷ் மாதிரிக்கே ஒரு கேள்விக்கு ஓரிரு நூறு பதில்கள் வேண்டும். ஊகித்து எழுதுவதையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரி என்றால் ஐந்நூறு, ஆயிரம் என்று போகும். வங்கியில் இருக்க வேண்டிய கேள்விகள் தேர்வின் நீளத்தைப் போலப் பல மடங்கு. அப்படி இல்லாவிட்டால் நல்ல கேள்விகள் என்று கணினி நினைக்கும் சிலவே திரும்பத் திரும்ப எல்லோருக்கும் போகும். 1994இல் கப்லான் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களை ஜி.ஆர்.இ. கணினித் தேர்வு எழுத அனுப்பி, அவர்கள் நினைவிலிருந்து திரட்டிய கேள்விகளை வைத்தே வங்கி எவ்வளவு ஆழமில்லாதது என்று காட்டியது, இ.டி.எஸ். தேர்வைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று, வழக்கும் போட்டது. 2002இல் கேள்விகள் இணையத்தில் பரவியதால் சீனா, ஹாங்காங், தைவான், தென்கொரியாவில் ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வைக் கணினியிலிருந்து காகிதத்துக்கே திருப்பினார்கள். அவ்வளவு வசதியுள்ள அமைப்புக்கே அந்த நிலை என்றால், 60 பேர் படிக்கும் வகுப்புக்கு 120 கேள்வி வங்கியை வைத்து அடாப்டிவ் தேர்வு நடத்துவது வேலைக்கு ஆகாது. கேள்வி கசிந்தால் முதலில் அடிபடுவது பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத மாணவர்தான், நியாயம் பற்றிய பேச்சில் இதை ஏனோ யாரும் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்ட வகுப்புக்கு நன்றாக எழுதிய ஒரே வினாத்தாளில் எளிது, நடுத்தரம், கடினம் மூன்றும் போதிய அளவில் இருந்தாலே ஓரங்களில் உள்ள மங்கல் ஓரளவு குறைந்துவிடும்.

பாடம் நடத்துவதற்கான தேர்வு என்று வந்தால் என் கணக்கே மாறுகிறது. அங்கே தப்பு நடந்தால் அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம், யாருடைய இடமும் பறிபோகாது, கேள்வியைத் திருட யாருக்கும் காரணமில்லை. முழு அடாப்டிவ் இங்கே முழுசாகப் பலன் தரும், வகுப்பு நேரத்தையும் மிச்சப்படுத்தும். இதிலும் ஒரே எண்ணாக முடியும் தேர்வைவிட, எந்தத் தலைப்புகள் தெரியும், அடுத்து எதற்குத் தயார் என்று காட்டும் வகை மேல். 1985இல் துவாநோன், ஃபால்மான் இருவரும் முன்வைத்த அறிவு வெளிக் கோட்பாடு இந்த வகை. ஏலெக்ஸ் என்ற கணித அமைப்பு அதன் மேல் கட்டப்பட்டது, அதன் நிலை அறியும் தேர்வு அதிகபட்சம் 30 கேள்வியில் முடிகிறது. பின்னங்களைக் கூட்டத் தெரியாதவருக்கு விகிதமுறு கோவைகளைக் கூட்டத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்கிற மாதிரித் தலைப்புகளுக்கு இடையில் உள்ள தொடர்பைப் பயன்படுத்திக்கொள்வதால் இது முடிகிறது. 47 மதிப்பெண் என்று சொல்வதைவிட "இருபடிச் சமன்பாடு வரை சரி, அடுக்குக்குறியில் இடறுகிறார்" என்று சொல்வது ஆசிரியருக்கு எவ்வளவோ உபயோகம்.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். அடாப்டிவ் தேர்வு உடனடியாகத் திருத்தக்கூடிய கேள்விகளை மட்டும்தான் கேட்கும், ஏனென்றால் அடுத்த கேள்வி அதைச் சார்ந்திருக்கிறது. எண் விடையைத் திருத்தலாம், சரியான தேர்வைச் சொடுக்குவதைத் திருத்தலாம். நிரூபணம், விசைப்படம், ஒரு சோதனையை எப்படி அமைப்பேன் என்ற விளக்கம் எல்லாம் வெளியே நின்றுவிடும். தேர்வில் இல்லாதது கொஞ்ச நாளில் வகுப்பிலும் இல்லாமல் போகும். அதனால் நான் பரிந்துரைப்பது கலப்பு: பல கட்டத்தில் ஒரு பகுதி, அதோடு எல்லோருக்கும் பொதுவாக, படிகளைக் காட்டி எழுதும் இரண்டு மூன்று பெரிய கணக்குகள், மனிதர் திருத்துவது, படிக்குப் படி மதிப்பெண் கொடுப்பது. திருத்தச் செலவு ஆகும், ஆகட்டும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களை இந்த மென்பொருள் விளக்கக் கூட்டங்களில் யாரும் பேசுவதே இல்லை. கணிதம், அறிவியல் கேள்விகளில் வரைபடமும் மின்சுற்றும் நிறைய. அவற்றைத் தொட்டுணரும் படமாக முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்க வேண்டும், தேர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அச்சடித்துக் கொடுக்க முடியாது. பெரிய வங்கியில் படமுள்ள எல்லாக் கேள்விக்கும் அப்படிச் செய்யப் பணமில்லை என்று சொல்லி, அவர்களுக்குப் படமில்லாத கேள்விகளை மட்டும் கொடுத்தால், அவர்கள் எழுதுவது வேறொரு தேர்வு, சிறிய வங்கியிலிருந்து வரும் மோசமான தேர்வு. பல கட்டத் தேர்வில் பகுதிகள் எண்ணிக்கையில் குறைவு, எல்லாவற்றுக்கும் தொட்டுணரும் படம் முன்பே தயாராகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பல கட்டத்தின் பக்கம் சாய்ந்திருப்பேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழில்நுட்ப அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கேள்வியும் எத்தனை பேரிடம் முன்னோட்டம் பார்க்கப்பட்டது, எந்தக் கேள்வி எத்தனை சதவீத மாணவர்களுக்குப் போகிறது, திறன் அளவு வாரியாகப் பிழை அளவு எவ்வளவு, பாலினம், மொழி வாரியாகக் கேள்விகளைச் சோதித்ததில் எத்தனை நீக்கப்பட்டன என்று அதில் இருக்க வேண்டும். ஒரு மாணவர் மேல்முறையீடு செய்தால் அவர் பார்த்த கேள்விகளை, அவர் எழுதிய வரிசையிலேயே, பாடம் தெரிந்த ஒரு வெளி ஆசிரியரிடம் காட்டுவீர்களா என்றும் கேளுங்கள். காட்டமாட்டோம் என்று பதில் வந்தால் அந்தத் தேர்வைப் பயிற்சிக்கு வாங்கிக்கொள்ளலாம், இடம் கொடுப்பதற்கு வாங்க வேண்டாம்.